ஜீரோ அக்காவும் அழுமூஞ்சிப் பொத்தானும்

என் சித்தி எடைமேடையில் வேலை பார்க்கிறாள். சரக்கோடு வரும் லாரி ஒரு பெரிய இரும்புப் பலகையின் மேல் ஏறி நிற்கும். பக்கத்தில் ஒரு சின்ன அறை, அறைக்குள் சித்தி. கம்ப்யூட்டரில் எடையைப் பார்த்து, சீட்டு அச்சடித்து, ஜன்னல் வழியாக நீட்டுவாள். டிரைவர் அதை வாங்கிக்கொண்டு தொழிற்சாலைக்குப் போவார். இதைச் சொல்ல ஒரு மூச்சு போதும். செய்வதில் சித்திக்குப் பாதி ஆயுள் போயிருக்கிறது.

ஒரு லாரி இறங்கி, எண் பூஜ்யத்துக்கு வந்த பிறகுதான் அடுத்த லாரி ஏற வேண்டும். அவசரக்காரர்கள் அதற்குள் முன்சக்கரத்தை வைத்துவிடுவார்கள். ஜன்னலில் தலையை நீட்டி, “ஜீரோ வரட்டும்யா, ஜீரோ வரட்டும்” என்று சித்தி கத்துவாள். கத்திக் கத்தி அவளுக்கு ஜீரோ அக்கா என்றே பேராகிவிட்டது. சித்தப்பாவுக்கு மட்டும் அது பிடிக்காது. “அப்ப என்னை என்னன்னு கூப்பிடுவாங்க? ஜீரோ மாமான்னா?” என்பார். அப்படித்தான் கூப்பிடுகிறார்கள் என்று இன்றுவரை யாரும் அவரிடம் சொல்லவில்லை.

ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் வீடு திரும்பிய புதிது. “அடுத்து என்ன செய்யப் போற?” என்று வீட்டில் காலையில் ஒரு தடவையும் மாலையில் ஒரு தடவையும் கேட்டார்கள். சித்தியின் அறையில் ஒரு உபரி ஸ்டூல் இருந்தது, இந்தக் கேள்வி இல்லை. தினமும் அங்கே போய் உட்கார ஆரம்பித்தேன். அதனால்தான் புது கம்ப்யூட்டர் வந்த கதையை முழுசாகப் பார்க்க முடிந்தது.

பழைய கம்ப்யூட்டருக்கு முணுக்கென்றால் கோபம் வந்துவிடும். வெயில் ஏறினால் நின்றுவிடும். தொடர்ந்து நாலு லாரி வந்தால் நின்றுவிடும். சித்தி அதன் பெட்டியைத் திறந்து, மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்து, “படுத்துடுச்சு, எழுந்திருக்கட்டும்” என்று ஜன்னல் வழியாகச் சொல்வாள். டிரைவர்கள் இறங்குவார்கள். குழாயடியில் முகம் கழுவுவார்கள். சாப்பாட்டு டப்பாவைத் திறப்பார்கள். சிலர் லாரிக்கு அடியில் துண்டை விரித்துப் படுத்துவிடுவார்கள். ஒருவர்கூட முகம் சுளித்ததில்லை.

“எவ்வளவு பொறுமைசாலிங்க பாரு. எனக்குத்தான் வெட்கமா இருக்கு” என்பாள் சித்தி. இந்த வெட்கத்திலேயே வருஷக்கணக்காக முதலாளியைப் பார்க்கும்போதெல்லாம் புது கம்ப்யூட்டர் கேட்டாள். அவரும் வருஷக்கணக்காக, “பார்க்கலாம்மா” என்றார்.

கடைசியில் சாலைக்கு எதிர்ப்பக்கம் இன்னொருவர் புதிதாக எடைமேடை போட்டார். அடுத்த வாரமே நம் முதலாளி பார்த்துவிட்டார்.

கம்ப்யூட்டர்காரர் ஒரு பையோடு வந்தார். பழையதைத் தூக்கி மூலையில் வைத்தார், புதியதை இணைத்தார். “புது ஆப்பரேட்டிங் சிஸ்டம்மா. இனிமே ஹேங்கே ஆகாது” என்றார்.

“ஆகவே ஆகாதா?”

“நீங்க ஆசைப்பட்டாக்கூட ஆகாது.”

ஜன்னலுக்கு வெளியே ஒரு சின்னத் திரையையும் மாட்டினார். அதில் வரிசையாக ஐந்து முகங்கள். ஓரத்தில் வாய் கொள்ளாமல் சிரிக்கும் முகம். அங்கிருந்து சிரிப்பு படிப்படியாக இறங்கி, மறு ஓரத்தில் கண்ணீர் விடும் முகம். சீட்டு வாங்குகிறவர் ஏதாவது ஒன்றைத் தொட்டுவிட்டுப் போக வேண்டும். வாடிக்கையாளர் எவ்வளவு திருப்தி என்று மாதக் கடைசியில் முதலாளிக்குக் கணக்குப் போய்விடுமாம்.

புது கம்ப்யூட்டர் சொன்ன பேச்சைக் கேட்டது. லாரி நின்றால் எடை வரும், எடை வந்தால் சீட்டு வரும். டிரைவர் இருக்கையை விட்டு இறங்குவதற்குள் சித்தியின் கை ஜன்னலுக்கு வெளியே நீண்டிருக்கும். அன்று சாயங்காலம் என் அம்மாவுக்குப் போன் போட்டாள். “அக்கா, நான் நினைக்கறதுக்கு முன்னாடியே செஞ்சுடுது. இந்த வீட்ல எனக்கு இப்படி ஒருத்தர் இருந்தாரா, சொல்லு.” பின்னால் சித்தப்பா இருமியது எங்களுக்கும் கேட்டது.

மாதக் கடைசியில் முதலாளி வந்தார். கையில் கணக்கு. முக்கால்வாசிப் பேர் அழுமூஞ்சியைத் தொட்டிருந்தார்கள். மீதிப் பேர் அதற்குப் பக்கத்து முகத்தை.

“என்னம்மா இது?”

சித்தி திரும்பத் திரும்பப் பார்த்தாள். “தலைகீழா பிடிச்சிருக்கீங்களோ?”

“நேராத்தான் பிடிச்சிருக்கேன். மெஷின் புதுசு, சிஸ்டம் புதுசு, திரை புதுசு. இந்த ரூம்ல பழசா இருக்கறது நீங்க ஒருத்தர்தான். அவங்ககிட்ட எரிஞ்சு விழறீங்களா?”

“ஜீரோ வரட்டும்னு சொல்வேன். அது எப்பவும் சொல்றதுதான்.”

“அடுத்த மாசமும் இப்படியே வந்தா, இந்த சீட்ல வேற ஆளை உட்கார வைக்க வேண்டியிருக்கும். எதிர்ல ஒருத்தன் கடை விரிச்சிருக்கான், தெரியுமில்ல?”

அவர் போனதும் சித்தி பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலை வாரிக்கொண்டாள். மறுநாளிலிருந்து உபசாரம் ஆரம்பமாயிற்று. ஜன்னல் கண்ணாடியைத் துடைத்தாள். வெளியே ஒரு தண்ணீர்க் கேன் வைத்தாள். ஒவ்வொரு டிரைவரையும், “வாங்க, பயணமெல்லாம் நல்லா இருந்ததா?” என்று பல் தெரியச் சிரித்துக் கேட்டாள். முன்சக்கரத்தை வைத்த அவசரக்காரரிடம், “கொஞ்சம் பின்னாடி போனீங்கன்னா உதவியா இருக்கும்” என்றாள். அவர் பயந்துபோய் சாலை வரைக்கும் பின்னாடி போய்விட்டார்.

சிமெண்ட் அண்ணன் என்று ஒரு டிரைவர். வேறு எந்தச் சரக்கு ஏற்றினாலும் அவர் தலைமுடியில் மட்டும் சிமெண்ட் இருக்கும். அவர் ஜன்னலோரம் வந்து என்னிடம் மெதுவாகக் கேட்டார். “பாப்பா, அக்காவுக்கு உடம்பு ஏதாவது சரியில்லையா?”

“நல்லாத்தான் இருக்காங்க.”

“சிரிக்கறாங்களே.”

சீட்டை வாங்கிக்கொண்டு, அழுமூஞ்சியைத் தொட்டுவிட்டுப் போனார்.

அந்த வாரக் கடைசியில், வெயில் உச்சியில் இருந்தபோது, கம்ப்யூட்டர் திரை தானாக நீலமாயிற்று. அப்டேட் நடக்கிறது, அணைத்துவிடாதீர்கள் என்றது. நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. மேடையில் ஒரு லாரி, அதன் பின்னால் சாலை வரைக்கும் லாரிகள். சித்திக்கு வேர்த்துக் கொட்டியது. கம்ப்யூட்டர்காரருக்குப் போன் போட்டாள். “அது அப்டேட்மா. அரை மணி நேரம் ஆகும். ஒண்ணும் பண்ண முடியாது, விட்டுடுங்க” என்றார்.

சித்தி வெளியே போய் வரிசை முழுக்க மன்னிப்புக் கேட்டுக்கொண்டே நடந்தாள். திரும்பி வந்து, “என் சீட்டு கிழிஞ்சுது” என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். வெளியே டப்பாக்கள் திறக்கும் சத்தம் கேட்டது. குழாயடியில் யாரோ பாட்டுப் பாடினார்கள். நான் அவள் சாப்பாட்டை எடுத்து வைத்தேன். வெகு நாளைக்குப் பிறகு அவள் கீபோர்டைத் தொடாமல் சாப்பிட்டதை அன்றுதான் பார்த்தேன். புது கம்ப்யூட்டர் வந்ததிலிருந்து ஒரு கை சோற்றிலும் ஒரு கை கீபோர்டிலுமாகத்தான் ஓடியிருந்தது.

சாயங்காலம் அன்றைய முகக் கணக்கைத் திறந்து பார்த்தோம். மத்தியானத்துக்குப் பிறகு வந்தவை எல்லாம் வாய் கொள்ளாத சிரிப்பு.

மறுநாள் சிமெண்ட் அண்ணன் மேடையில் ஏறியதும் சித்தி சீட்டைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டாள். பல் தெரியும் சிரிப்பெல்லாம் போய்விட்டிருந்தது.

“இங்க வாய்யா. பார்த்துப் பார்த்து சீட்டு கொடுத்தா அழுவுறீங்க. அரை மணி நேரம் வெயில்ல நிக்க வெச்சா சிரிக்கறீங்க. கிண்டலா?”

அவர் தலையைச் சொறிந்தார். கொஞ்சம் சிமெண்ட் உதிர்ந்தது.

“அப்படி இல்லக்கா. வண்டி எங்க நிக்குதுன்னு லாரி ஆபீஸ்ல போன்லயே பார்த்துடறான். வழியில நிறுத்திச் சாப்பிட்டா, ஏன் நிக்கறன்னு உடனே போன். இங்க நின்னா மட்டும்தான் கேக்க மாட்டான். கம்ப்யூட்டர் படுத்துடுச்சுன்னு சொன்னா போதும், வாயை மூடிக்குவான்.”

“அப்ப சாப்பாடு?”

“எல்லாரும் இங்கதான் சாப்பிட்டோம். தூங்கினதும் இங்கதான். இப்ப ஏறினதும் சீட்டை நீட்டிடறீங்க. அதுல மணி வேற அச்சாகுது. ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டே ரெண்டு வாழைப்பழம், அவ்வளவுதான். போன வாரம் கண்ணு சொருகி, ஓரத்துக் கல்லுல ஏத்தப் பார்த்தேன்.”

“இதை வாயைத் திறந்து சொல்றதுக்கு என்ன?”

“நீங்க அவ்வளவு ஆசையா புதுசு வாங்கியிருக்கீங்க. எப்படிக்கா சொல்றது? அதான் அந்த மூஞ்சிகிட்ட சொன்னோம்.”

சித்தி சீட்டைக் கொடுத்தாள். அவர் போன பிறகு என்னிடம் திரும்பினாள். “இத்தனை வருஷம் நான் வெட்கத்துல செத்துக்கிட்டிருந்தேன். இவனுங்க என்னன்னா காலை நீட்டி ஓய்வெடுத்திருக்கானுங்க.” குரலில் கோபம் இருந்தது, ஆனால் அவள் பார்வை மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டர் மேல் இருந்தது.

அன்று முழுக்க யோசித்தாள். ஒரு கிலோகூடக் கூட்டியோ குறைத்தோ எழுதாதவள் அவள். மறுநாள் என்னிடம் ஒரு அட்டையையும் பேனாவையும் நீட்டினாள். “அப்டேட் நடக்கிறது, அரை மணி நேரம் ஆகும்னு எழுது. பெரிசா எழுது.”

“அப்டேட் நடக்கலையே சித்தி.”

“நான் நடக்குதுன்னு சொன்னேனா? எழுதத்தானே சொன்னேன். எழுதறது நீ.”

மத்தியானம் அட்டை ஜன்னலில் ஏறியது. சித்தி திரையை அணைத்துவிட்டு டப்பாவைத் திறந்தாள். வெளியே லாரிகள் ஒவ்வொன்றாக இன்ஜினை நிறுத்தின. அன்றிலிருந்து அது தினப்படி ஆயிற்று. அந்த மாதக் கணக்கில் அழுமூஞ்சியைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. சித்திக்கோ தூக்கம் போய்விட்டது. “ஒரு நாள் பிடிபடுவேன். அன்னைக்கே வெளிய அனுப்பிடுவார்” என்று இரண்டு வாய்க்கு ஒருமுறை சொல்லிக்கொண்டே சாப்பிட்டாள்.

பிடிபட்டாள். ஒரு மத்தியானம் முதலாளியின் கார் உள்ளே வந்தது. பின்னாலேயே ஒரு லாரி ஏறி நின்று, இன்ஜினை நிறுத்திவிட்டது. முதலாளி ஜன்னலில் இருந்த அட்டையைப் படித்தார். உள்ளே வந்தார். அணைந்த திரையையும் சித்தியின் கையிலிருந்த கவளத்தையும் பார்த்தார்.

“லாரி ஆபீஸ்காரன் எனக்குப் போன் பண்றான், உங்க மேடையில தினமும் என்ன அப்டேட்னு. கம்ப்யூட்டர்காரனைக் கேட்டேன். மாசத்துக்கு ஒரு தடவை வந்தா அதிகம்ங்கறான்.”

சித்தி கையைக் கழுவிவிட்டு எழுந்து நின்றாள்.

“அப்டேட் இல்லைங்க. அவங்க சாப்பிடறாங்க, நானும் சாப்பிடறேன். மத்தியானம் அரை மணி நேரம் மூடட்டுமான்னு கேட்டிருந்தா விட்டிருப்பீங்களா?”

“விட்டிருக்க மாட்டேன்.”

“அதான் கேக்கல. தப்புதான். வேற ஆளைப் போடறதுன்னா போட்டுக்கங்க. ஆனா அவங்களை விரட்டி சீட்டு கொடுக்க என்னால ஆகாது. தூக்கக் கலக்கத்துல ஓட்டிட்டுப் போறாங்க.”

முதலாளி ஜன்னல் வழியாகப் பார்த்தார். எங்கள் பக்கம் லாரி வரிசை வளைந்து சாலையைத் தொட்டிருந்தது. எதிர்ப்பக்க எடைமேடையில் ஒரு நாய் குறுக்கே படுத்திருந்தது. அவர் அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது அவர் போன் அடித்தது. லாரி ஆபீஸ்காரர்தான் என்பது போனிலிருந்து கேட்ட அதட்டலிலேயே தெரிந்தது.

“ஆமாங்க, வந்து பார்த்துட்டேன்” என்றார் முதலாளி. “புது சிஸ்டம் இல்லையா, கொஞ்சம் பெரிசு. தினம் ஒரு தடவை கேக்குது. நடுவுல அணைச்சா மொத்தமா போயிடுமாம்.”

போனைப் பையில் போட்டுக்கொண்டார். சித்தி இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தாள்.

“உட்கார்ந்து சாப்பிடுங்கம்மா.”

“அப்ப அட்டையை மாத்திடட்டுமாங்க? சாப்பாட்டு நேரம்னு நேரா எழுதிட்டா எனக்கும் மனசு உறுத்தாது.”

“சாப்பாட்டு நேரம்னா எவன் மதிப்பான்? எனக்கே தோணாது. அப்டேட்னே இருக்கட்டும்.”

கிளம்பியவர் வாசலோடு நின்றுவிட்டார். காருக்குப் பின்னால் வழியை அடைத்து நின்ற லாரியின் அடியில் அதன் டிரைவர் துண்டை விரித்து நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார், என் ஸ்டூலைப் பார்த்தார். நான் எழுந்து இடம் கொடுத்தேன்.