அடைக்காத வளை

சண்டிலிப்பாயில் அகழான் பிடிக்கப் பஞ்சலிங்கத்தை விட்டால் வேறு ஆள் கிடையாது. பூனைக்குட்டி அளவுக்குக் கொழுத்து, வளவெல்லாம் வளை தோண்டி, மரவள்ளிக் கிழங்கை அடியோடு அரித்துத் தின்னும் அந்த எலிச்சாதிக்கு அவன்தான் எமன். குவிந்து கிடக்கும் புது மண்ணைப் பார்த்தே உள்ளே எத்தனை இருக்கிறதென்று சொல்லிவிடுவான். வளையின் வாசல்களில் இரண்டை மட்டும் விட்டு மற்றவற்றை மிதித்து அடைப்பான். ஒன்றில் கம்பிச் சுருக்கு வைப்பான்; மற்றதற்குள் தேங்காய்ப் பொச்சுமட்டைப் புகையை ஊதுவான். பஞ்சலிங்கத்தைக் கண்டால் அகழானும் மரியாதைக்குச் சால்வையை இறக்கும் என்று சனம் பகிடி விடும்.

அந்தப் பெயரே அவனுக்கு வினையாயிற்று. பராசக்தியைக் கட்டிய ஒன்பது வருஷத்தில் மூன்று பிள்ளைகள் பிறந்தன. ஒன்றுகூட ஏழு நாள் தாண்டவில்லை. பெண்சாதி பிள்ளைத்தாய்ச்சியாய் இருக்கும்போது புருஷன் உயிர்க்கொலை செய்யலாமா என்று ஊர் கேட்டது. முதலில் கேட்டவள் அவனுடைய தமக்கை சின்னாச்சி. நல்லது சொல்ல வராத வாய், இதற்கு மட்டும் நன்றாக வந்தது.

மலேரியாக் காய்ச்சல் நாட்டை உலுக்கிய மறுவருஷம் பராசக்தி நாலாவது தடவை முழுகாமல் இருந்தாள். பஞ்சலிங்கம் சுருக்குகளை எல்லாம் கொண்டுபோய்ப் பரணில் எறிந்தான். இந்தப் பிள்ளை தக்கவேண்டும். வேறொன்றும் அவனுக்கு வேண்டியிருக்கவில்லை. பலகையில் பெட்டி அடித்து, சுட்ட தேங்காய்ச் சொட்டுத் துண்டை உள்ளே கட்டி, அகழானை உயிரோடு பிடித்தான். பிடித்ததைச் சாக்கில் போட்டு வயல்வெளிக்குக் கொண்டுபோய் விட்டான். அவன் வீடு வந்து சேருமுன் அது வந்து சேர்ந்துவிடும் போலிருந்தது. மரவள்ளி பாத்தி பாத்தியாகச் சாய்ந்தது. புது மண் வேலியடியிலிருந்து கிணற்றடிக்கு வந்தது. அங்கிருந்து சமைக்கும் குசினிக்குப் பின்னால் வந்தது.

ஒன்பதாம் மாதம் பராசக்தி படுக்கும் அறையின் மூலையில், சாணம் மெழுகிய நிலத்தைப் பிளந்துகொண்டு ஒரு வளை திறந்தது.

"உந்த வளையை அடைச்சுவிடுங்கோ. எனக்குப் பயமாக் கிடக்கு" என்றாள் அவள்.

அவன் மண்ணைக் குழைத்துக்கொண்டு வந்தான். சின்னாச்சி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "உனக்கென்ன விசரே? பேறு மாதத்திலை ஆரும் வளை அடைப்பினமே? பிள்ளை வாற வழியும் அடைபட்டுப் போம்."

பஞ்சலிங்கம் தமக்கையைப் பார்த்தான், பெண்சாதியைப் பார்த்தான், குழைத்த மண்ணைக் கொண்டுபோய் முற்றத்தில் கொட்டினான். பராசக்தி பாயை மற்றச் சுவரோடு இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

நாலு நாள் அந்த வளைக்குள் கறுக்கு கறுக்கென்று அரவம் கேட்டபடி இருந்தது. ஐந்தாம் நாள் நின்றுவிட்டது.

"போயிட்டுதுகள் போலை" என்று பராசக்தி சிரித்தாள். தின்னக் கிழங்கு கிடக்கும்போது அகழான் வளையை விட்டுப் போகாது. போனதென்றால் உள்ளே வேறு ஏதோ வந்திருக்கிறது. இருபது வருஷம் வளை பார்த்தவனுக்கு இது தெரியாதா? தெரியும். குனிந்து பார்த்தான். வாசல் மண் வழவழவென்று தேய்ந்திருந்தது. அதைச் சொன்னால் பிள்ளைத்தாய்ச்சி பயந்துவிடுவாள் என்று தனக்குத்தானே ஒரு சாட்டுச் சொல்லிக்கொண்டு பேசாமல் எழும்பினான். அந்த ஒரு பேசாமைக்காக அவனை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த நாள் மத்தியானம் பராசக்தி வீரிட்டாள். மண்வெட்டியும் கையுமாக ஓடிவந்தவன் அறை வாசலில் நின்றான். மூலையில் நல்லபாம்பு, படம் விரித்து நின்றது. அவள் சுவரோடு ஒட்டி, வயிற்றை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நின்றாள்.

"இஞ்சாருங்கோ, கொத்துங்கோ!"

கை எழும்பவில்லை. நாகதம்பிரான் சாமியைக் கொல்வதா? அதுவும் இந்த மாதத்திலா? மூன்று பிள்ளைகளைப் புதைத்த இடம் கண்ணுக்குள் வந்து நின்றது.

"கொத்துங்கோவன்!"

அவன் மண்வெட்டியைப் பிடித்தபடி நின்றான். பராசக்தி சுவரில் சாய்த்திருந்த உலக்கையை எடுத்தாள். பத்து மாதம் நெருங்கிய வயிற்றோடு, மூச்சு வாங்க வாங்க, பாம்பின் தலையைப் பார்த்து இரண்டு அடி போட்டாள். அது நசிந்து அடங்கியது. பிறகு உலக்கையை ஊன்றிக்கொண்டு கீழே இருந்துவிட்டாள். பேற்று நோ கண்டுவிட்டது.

மருத்துவிச்சி லூர்த்தம்மாவைக் கூட்டிவர அவன் ஓடிய ஓட்டத்தை ஊரே பார்த்தது. வந்தவள் கதவைச் சாத்திக்கொண்டாள். அவன் முற்றத்தில் குந்தியிருந்தான். கோயிலுக்கு நேர்த்தி வைக்கக்கூட வாய் வரவில்லை. பொழுது சாய்கிற நேரம் உள்ளே பிள்ளை அழுதது. கம்மாத குரல், நல்ல உரத்த குரல். பஞ்சலிங்கம் வாய்விட்டு அழுதான்.

லூர்த்தம்மா கதவைத் திறந்தாள். "பெட்டைக்குட்டி. தாய்க்கும் ஒண்டுமில்லை."

அவன் பாய்ந்து எழும்பினான். அவள் கையை நீட்டி மறித்தாள்.

"உள்ளுக்கை வரவேண்டாமாம்."

"பிள்ளைத் துடக்கெண்டோ?"

"இல்லை." லூர்த்தம்மா நிலத்தைப் பார்த்தாள். "தான் கூப்பிடேக்கை வாசலிலை நிண்டவர் அதிலையே நிக்கட்டுமாம்."

பிள்ளை மறுபடியும் அழுதது. பஞ்சலிங்கம் வாசலிலேயே நின்றான்.