மாமனார் பேர் வைத்த பிள்ளை

ஆற்காட்டு ஜோசியரைப் பார்க்கப் போன மாமனார் கையில் மக்கன் பேடாப் பெட்டியோடும் வாயெல்லாம் பல்லோடும் திரும்பி வந்தார். "கோ வந்துகீதும்மா" என்றார். குழந்தை பிறந்தது சதயம் முதல் பாதம். பேர் 'கோ'வில்தான் தொடங்க வேண்டுமாம். நான் ஆம்பூரில் பிள்ளை பெற்றுப் படுத்திருந்த சமயம். எண்பதுகளின் தொடக்கம் அது. என் வீட்டுக்காரர் தோல் கம்பெனியில் விடியற்காலை போனால் இருட்டித்தான் வருவார். மாமனாரும் அதே கம்பெனியில் மேஸ்திரியாக இருந்து ஓய்ந்தவர்.

எனக்கு முதலில் பிறந்தது பெண். ஒரு மாதம்கூடத் தங்கவில்லை. அவளுக்கு நாங்கள் ஆசைப்பட்டு, எழுத்துப் பார்க்காமல் பேர் வைத்தோம். அதனால்தான் போய்விட்டாள் என்று தெருவே தீர்ப்புச் சொன்னது. டாக்டர் வேறு காரணம் சொன்னார், யார் கேட்டார்கள்? அதற்குப் பிறகு இவன் விஷயத்தில் வாய் திறக்க எனக்கு ஏது தெம்பு? எந்த எழுத்தாவது இருந்துவிட்டுப் போகட்டும், பிள்ளை தங்கினால் போதும் என்று இருந்தேன். 'கோ'வில் நல்ல நல்ல பேராக மனசுக்குள் இரண்டு மூன்று தேடியும் வைத்தேன். என் பிள்ளையைப் பேர் சொல்லி வாய் நிறையக் கூப்பிட வேண்டும் என்பது மட்டும்தான் அப்போது என் ஆசை.

ஆனால் அந்த எழுத்து என் மாமனாருடைய எழுத்தும்கூட. அவர் பேர் வைப்பது என்று பேடா தீர்வதற்குள் முடிவாகிவிட்டது.

மாமனார் பேரை மருமகள் சொல்லக் கூடாது. இது யாரும் சட்டம் போட்டுச் சொன்னதில்லை. கல்யாணமான அன்றே நாக்கு தானாகப் பூட்டிக்கொள்ளும். புரட்டாசிச் சனிக்கிழமை கோயிலில் எல்லாரும் கோஷம் போடும்போதுகூட நான் உதட்டை மட்டும் அசைப்பேன். இப்போதும் பாருங்களேன், அவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, இந்தத் தாளில் அந்தப் பேரை எழுத எனக்குக் கை வரவில்லை.

"கோவுல வேற பேரே இல்லியா?" என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"நைனா ஆசைப்படறாரு. நான் இன்னா பண்ண?"

"நான் எப்புடிக் கூப்புடுவேன்?"

"எங்கம்மா மட்டும் எப்புடிக் கூப்புடும்? அது சும்மா இல்ல?"

நியாயம்தான். மாமியாருக்கு அது புருஷன் பேர், அவளும் வாயைத் திறக்க முடியாது. சரி, கூப்பிட வேறொரு செல்லப் பேராவது வைத்துக்கொள்ளலாம் என்றேன். அதற்கும் ஜோசியர் வழி விடவில்லை. அந்த எழுத்து பிள்ளை காதில் விழுந்துகொண்டே இருந்தால்தான் ஆயுசு கெட்டியாம், வேறு பேர் கலக்கக் கூடாதாம். ஆயுசு என்றதும் நான் அடங்கிப் போனேன்.

தொட்டில் போட்ட அன்று ஒவ்வொருவராகக் குனிந்து குழந்தை காதில் பேரைச் சொன்னார்கள். என் முறை வந்தது. குனிந்தேன். "கண்ணு" என்று சொல்லிவிட்டு நிமிர்ந்தேன். மாமியார் "தம்பி" என்றாள். கூடியிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பக்கத்து வீட்டு பாயம்மா, "இன்னாம்மா இது, பேரு வெச்சும் பேஜாராப் பூட்ச்சே!" என்றாள். அவளுக்கு அவன் கடைசி வரைக்கும், உருதுவில் மகன் என்கிற "பேட்டா"தான்.

என் வீட்டுக்காரராவது பேர் சொல்லிக் கூப்பிட்டாரா? அப்பா பேருக்குப் பின்னால் 'வாடா' போட அவருக்கும் வாய் வரவில்லை. "நைனா" என்பார், பெற்றவரும் திரும்புவார், பிள்ளையும் திரும்பும். மாமனாரோ தன் பேரைத் தானே கூப்பிட வெட்கப்பட்டு, "ராஜா" என்று கொஞ்சுவார். ஆக மொத்தம், அவ்வளவு பாடுபட்டு வாங்கி வந்த எழுத்து எங்கள் வீட்டில் ஒருவர் வாயிலும் இல்லை. வெளி ஆம்பிளைகள் வாசலில் நின்று மாமனாரைத் தேடும்போது மட்டும் அந்தப் பேர் வீட்டுக்குள் கேட்கும். அப்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். கண்டவனும் சொல்கிறான், பெற்றவள் நான் சொல்ல முடியவில்லை.

பிள்ளை தங்கினான். வளர்ந்தான். மாமனாரே கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார். ஒரு வாரம்கூட ஆகியிருக்காது, டீச்சர் என்னை வரச்சொல்லி ஆள் அனுப்பினார்.

"உங்க பையனுக்குக் காது கேக்குதா?" என்று எடுத்த எடுப்பிலேயே கேட்டார்.

"நல்லாக் கேக்கும் டீச்சர். தெருக்கோடியில ஐஸ்காரன் மணி அடிச்சா மொதல்ல ஓடறவன் இவன்தான்."

"பேரு கூப்பிட்டா எழுந்திருக்கவே மாட்றான். பின்னாடி நின்னும் கூப்பிட்டுப் பார்த்துட்டேன். எதுக்கும் வேலூருக்குக் கூட்டிப்போய்ப் பெரிய ஆஸ்பத்திரியில காட்டிடுங்க."

எனக்குப் புரிந்துவிட்டது. அவனுக்கு அவன் பேரைச் சொல்லிக்கொடுத்திருப்பார் என்று நான் வீட்டுக்காரரை நம்பினேன். தாத்தா சொல்லியிருப்பார் என்று அவர் நம்பியிருப்பார். இதை டீச்சரிடம் எந்த வாயால் சொல்வது?

"நீங்களே கூப்பிட்டுக் காமிங்க" என்றார் டீச்சர்.

வகுப்பு வாசலில் இருந்து "கண்ணு" என்றேன். மூன்றாவது வரிசையில் இருந்து சட்டென்று திரும்பினான், பல்லைக் காட்டினான்.

"கண்ணுன்னா எல்லாப் பசங்களும்தான் திரும்புவாங்க. பேர் சொல்லிக் கூப்பிடுங்கம்மா."

தெருப்பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டேன், தெரிந்தவர்கள் யாரும் இல்லை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். என் பிள்ளை பேர், எனக்கு இல்லாத உரிமையா என்று மனசைத் திடப்படுத்திக்கொண்டு, அவன் பிறந்ததில் இருந்து நான் சொல்லாத அந்தப் பேரை முழுசாக, சத்தமாகச் சொன்னேன்.

அவன் முகம் மலர்ந்தது. பலகையைத் தள்ளிவிட்டு எழுந்து ஓடி வந்தான். வந்தவன் என்னைத் தாண்டிப் போய்ப் பள்ளிக்கூட கேட்டை எட்டி எட்டிப் பார்த்தான்.

"தாத்தா எங்கம்மா? வந்துகீறாரா?" என்றான்.