ரேடியேட்டருக்குக் கேட்ட தண்ணீர்

அஞ்செட்டியிலிருந்து ஓசூர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய டாக்சி காட்டுச் சாலையில் நின்றது. பானெட்டிலிருந்து துருவும் ஆவியும் கலந்த நெடி எழுந்தது. மடியில் காய்ச்சலோடு என் மகன். அந்த நெடி என்னை ஆறு வயதுக்குக் கொண்டுபோனது.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த கோடை. ஊத்தங்கரையிலிருந்து கிருஷ்ணகிரிக்கு வாடகைக் காரில் போனோம். வாந்தியும் பேதியுமாகத் தம்பி அம்மாவின் மடியில் கிடந்தான். ஃபேன் பெல்ட் அறுந்து, ரேடியேட்டர் கொதித்து வண்டி நின்றது. பக்கத்துக் கிணறு வறண்டு கிடந்தது. அம்மாவிடம் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் ஒரு கூஜா இருந்தது.

"அத ஊத்துனா ஆஸ்பத்திரி போயிரலாம்மா," என்றார் டிரைவர்.

அம்மா தம்பியைப் பார்த்தாள். பிறகு கூஜாவைக் கொடுத்துவிட்டாள். வண்டி கொஞ்ச தூரம் ஓடி மறுபடியும் நின்றது. "தண்ணி" என்று முனகிக்கொண்டிருந்த தம்பியின் உயிர் சாயங்காலத்துக்குள் அடங்கிவிட்டது. அம்மா செய்தது சரியா என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை. நான்தான் எனக்குள் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

இப்போது டாக்சியின் பானெட் திறந்து கிடந்தது. "தெர்மோஸ்டாட் தெறக்கலம்மா, தண்ணி சுத்தி வரல. உங்ககிட்ட இருக்கற தண்ணிய குடுங்க, ஊத்திப் பாக்கறேன்," என்றார் டாக்சிக்காரர்.

மகன் போதுமென்று முகத்தைத் திருப்பும்வரை புகட்டினேன். மிச்சத்தை அவரிடம் நீட்டினேன்.

"இது பத்தாதும்மா."

"தெரியும்," என்றேன்.