பிசிறு வெட்டிய சரிவு

ஆஸ்பத்திரித் தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட அந்த அம்மாளை எல்லோரும் ‘தோட்டத்தக்கா’ என்றுதான் கூப்பிட்டார்கள். இருபத்திரண்டு வருஷ வேலை. ரோஜா அவர் கையில் கொழுத்து வளரும். ஆனால் அதைப் பாராட்ட வந்தவர்களிடம் எரிந்து விழுவார். “பூவைப் பாக்க எல்லாருக்கும் கண்ணு இருக்கு, வேரைப் பாக்கத்தான் ஆளில்ல” என்பார்.

புதுக் கட்டடம் கட்டியவர்கள் பின்பக்கத்துச் சரிவை மொட்டையடித்துவிட்டுப் போய்விட்டார்கள். பாதி விளையாட்டு மைதானம் அளவுக்கு வெறும் மண். ஒரே மழை, சேறு வழிந்து குழந்தைகள் வார்டு வாசலுக்கே வந்துவிட்டது. மேலாளர் பார்த்தார். “சிமெண்ட் போட்டு மூடிடலாம்” என்றார், வெகு சாதாரணமாக.

தோட்டத்தக்காவுக்குச் சுருக்கென்றது. “அடுத்த மழைக்காலத்துக்குள்ள நான் செடியால மூடிக் காட்டறேன் சார். முடியலன்னா நீங்க சிமெண்ட் போடுங்க, நான் வேலைய விட்டுட்டு வீட்டுக்குப் போறேன்.”

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்றால் இதுதான். கையில் இருந்தது நாலே மாதம்.

அவர் நம்பியது பொடுதலையை. தரையோடு படர்கிற சின்னக் கொடி. கணு மண்ணைத் தொட்ட இடத்திலெல்லாம் வேர் விடும். வாய்க்கால் ஓரத்தில் கிடைத்ததைக் கொண்டுவந்து, ஓர் எட்டு தூரத்துக்கு ஒன்றாக முந்நூறு துண்டு நட்டார்.

“வழுக்கைத் தலையில முடிய எண்ணி நட்ட மாதிரி இருக்கேக்கா!” என்றார் காவலாளி.

“ஏன், உன் தலைக்கும் நட்டு விடட்டுமா?”

காவலாளி தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு நகர்ந்தார்.

இரண்டு மாதத்தில் ஒவ்வொரு செடியும் முழநீளம் கொடி வீசியது. அந்த நேரம் பார்த்துத்தானா காய்ச்சல் வர வேண்டும்? மூன்று நாள் படுக்கை. வீட்டுக்காரர் தையற்காரர், கடையைப் பூட்டிவிட்டுத் தண்ணீர் ஊற்றப் போனார்.

“தண்ணி மட்டும் ஊத்துங்க. வேற எதையும் தொடாதீங்க” என்று தலையில் அடிக்காத குறையாகச் சொல்லி அனுப்பினார்.

தொடாமல் இருந்தால் அவர் என்ன தையற்காரர்? யார் சட்டையிலாவது நூல் தொங்கினால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. சரிவு முழுக்கக் கொடிகள் தாறுமாறாக நீண்டு கிடப்பதைப் பார்த்தார். கத்திரிக்கோல் எப்போதும் போலப் பையில் இருந்தது.

நாலாம் நாள் காலை தோட்டத்தக்கா வந்து பார்த்தபோது, முந்நூறு செடியும் பொத்தான் மாதிரி வட்ட வட்டமாக உட்கார்ந்திருந்தன. ஒரு கொடி மிச்சமில்லை.

“என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே!” அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார்.

“ஓரமெல்லாம் பிசிறா இருந்துச்சும்மா... நறுவிசா இருக்கட்டுமேன்னு...” தையற்காரர் கத்திரிக்கோலைப் பைக்குள் மறைத்தார். பிறகு, “வெட்டுனத எல்லாம் வச்சிருக்கேன்” என்றார்.

ஒட்டுத்துணியைக்கூடத் தூக்கிப் போடாத மனுஷர் அல்லவா! மரத்தடியில் நனைத்த சாக்கு மூட்டைகள் இரண்டு. தோட்டத்தக்கா பிரித்தார். ஆயிரக்கணக்கில் கொடித் துண்டுகள். பல கணுக்களில் வெள்ளை வேர் எட்டிப் பார்த்தது. அழுகை நின்றுவிட்டது.

அன்றும் மறுநாளும் இருவரும் இடைவெளிகளிலெல்லாம் நட்டார்கள். தையற்காரர் டேப் வைத்து அளந்து நட்டார். அக்கா திட்டவில்லை. வெட்டுப்பட்ட தாய்ச்செடிகளோ, வெட்டின இடத்திலெல்லாம் ஒன்றுக்கு இரண்டாகக் கிளைத்தன. வருஷா வருஷம் ரோஜாவை வெட்டிக் கவாத்து செய்தவர்தான் அக்கா. ஆனால் இந்தக் கொடியில் மட்டும் கத்திரி வைக்கப் பயந்துகொண்டே இருந்திருக்கிறார்.

இன்னும் இரண்டு மாதம் போனது, மழை வந்தது. சாதாரண மழையா அது, கொட்டித் தீர்த்தது. நர்சுகள், காவலாளி, மேலாளர் எல்லோரும் வராந்தாவில் கூடி நின்று, சேற்றுக்காகக் காத்திருந்தார்கள். சரிவு முழுவதும் ஒரே பச்சை. அதன்மேல் இறங்கி வந்த தண்ணீர் வார்டு வாசலைத் தொட்டபோது, அடியில் இருந்த தரைக்கல்லின் கோடுகள்கூடத் தெரிந்தன. மழை ஓய்ந்ததும், சட்டைப் பொத்தானைவிடச் சின்னதாக ஆயிரம் ஆயிரம் பூக்கள், எங்கிருந்தோ தேனீக்கள். வார்டுக் குழந்தைகள் ஜன்னல் கம்பியில் முகத்தை அழுத்திக்கொண்டு பார்த்தன. தோட்டத்தக்காவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. தன் கையால் ஆனது என்று அவரால் நம்பவே முடியவில்லை.

“எப்படிக்கா இது?” என்றார் மேலாளர், மெதுவாக.

வேறொரு நாளாக இருந்தால் ஏதாவது சுள்ளென்று வந்திருக்கும். இன்று அவர் தூணோரம் ஒதுங்கி நின்ற வீட்டுக்காரரைப் பார்த்தார்.

“நாளைக்கும் கடையப் பூட்டிட்டு வாங்க” என்றார். “முன்பக்கத்துல நெறைய பிசிறு இருக்கு. கத்திரிய மறந்துடாதீங்க.”