தேத்தண்ணி குடிக்காத மிஷனரி

மிஷனரி வேலை என்பது முன்பின் தெரியாத வீட்டின் மணியை அடித்துவிட்டு, யாரும் திறந்துவிடக் கூடாதே என்று உள்ளுக்குள் வேண்டிக்கொள்ளும் வேலை. காப்புறுதி விற்றவர்கள், கலைக்களஞ்சியம் விற்றவர்கள், வீடு வீடாக வாக்குக் கேட்டவர்கள் ஆகிய என் சக பாவிகளுக்கு இது நன்றாகவே தெரியும். உங்களுக்கும் எனக்கும் ஒரு வித்தியாசம்தான். வியாபாரம் படுத்தால் உங்களை யாரும் உபவாசம் இருக்கச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நான் லண்டனில் வளர்ந்த ஊர்காவற்றுறைக் கத்தோலிக்கப் பிள்ளை. பள்ளிக்கூட நண்பன் ஒருவனோடு மோர்மன் சபை மண்டபத்துக்குக் கூடைப்பந்து விளையாடப் போனேன். விளையாட்டு வரவில்லை, விசுவாசம் வந்துவிட்டது. அந்தச் சபையில் பத்தொன்பது வயதுப் பெடியன்கள் இரண்டு வருடம் ஊழியத்துக்குப் போவது வழக்கம். எந்த நாடு என்று நாங்கள் கேட்க முடியாது. எனக்கு இத்தாலி விழுந்தது. தொண்ணூறுகளின் நடுவில், அமெரிக்காவில் ஒரு பயிற்சி நிலையத்தில் கொஞ்சம் இத்தாலியனை ஊட்டி, தை மாதத்து மழையில் பலெர்மோவில் இறக்கிவிட்டார்கள். அங்கேயும் முதல் மூன்று மாதம் பயிற்சிக் காலம். ஒரு மூத்த மிஷனரியோடு ஒட்டிக்கொண்டு தொழில் பழக வேண்டும்.

லண்டனிலிருந்து புறப்பட்ட அன்று அம்மா விமான நிலையத்துக்கு வரவில்லை. நான் சபை மாறிய நாளிலிருந்து அவர் என்னோடு அளந்துதான் கதைத்தார். அப்பா வந்தார். பெட்டியைத் தூக்கித் தந்துவிட்டுச் சொன்னார்: "மூண்டு மாசத்துக்குள்ளை திரும்பி வருவாய். உன்ரை கட்டிலை நான் கழட்டேல்லை."

தக்காளிக்குச் சாட்சி

என் பயிற்சியாளர் எல்டர் வில்லிஸ். எல்டர் என்றால் மூப்பர், ஊழியத்துக்குப் போகிற பெடியன்கள் எல்லாருக்கும் அதுதான் பட்டம். அமெரிக்காவின் ஐடஹோவில் உருளைக்கிழங்குத் தோட்டக்காரரின் மகன். என்னைவிட ஒன்றரை வயதுதான் கூட, உயரம் மட்டும் ஒன்றரை அடி கூட என்று தோன்றும். எங்கள் இருவரின் நெஞ்சிலும் இத்தாலிய மொழியில் 'மூப்பர்' என்று எழுதிய கறுப்புத் தகடு. மீசை ஒழுங்காக முளைக்காத மூப்பரைப் பார்த்து பலெர்மோக் கிழவிகள் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்கள்.

இரண்டாம் நாள் என்னைச் சந்தையில் முன்னுக்குத் தள்ளி, "நீ வாங்கு, மொழி பழகும்" என்றார் வில்லிஸ். இங்கேதான் ஒரு சிக்கல். பயிற்சி நிலையத்தில் எனக்குப் படிப்பித்த இத்தாலியன் முழுக்கப் பரலோக இத்தாலியன். பாவம், மனந்திரும்புதல், நித்திய வாழ்வு எல்லாம் தண்ணீர்பட்ட பாடு. அரைக் கிலோவுக்கு என்ன சொல் என்று யாரும் சொல்லித் தரவில்லை. வசனங்களும் ஒரே அச்சு, "நான் சாட்சி சொல்லுகிறேன்" என்றுதான் எல்லாம் தொடங்கும். வேறு வழி இல்லாமல் நெஞ்சில் கை வைத்து, "இந்தத் தக்காளி நல்லது என்று நான் சாட்சி சொல்லுகிறேன்" என்றேன். கடைக்காரன் கத்திக் கூவிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தான்.

"அது எனக்குத் தெரியும். எவ்வளவு வேண்டும் என்று சாட்சி சொல்லு."

அவிழ்க்காத பெட்டி

அடுத்த சிக்கல் விதிகள். காலை ஆறரைக்கு எழும்ப வேண்டும். கூட்டாளியின் கண்ணுக்கு மறைவாக ஒரு இடத்துக்கும் போகக் கூடாது. கோப்பியும் தேயிலையும் கூடாது. வீட்டுக்குத் தொலைபேசி எடுப்பது வருடத்தில் இரண்டே நாள், நத்தார்ப் பண்டிகைக்கும் அன்னையர் தினத்துக்கும். வில்லிஸுக்கு இவை எல்லாம் மனப்பாடம். எனக்கு இதில் எது கஷ்டம் என்று கேட்டால், கடைசியைத்தான் சொல்வேன். அளந்து பேசுகிற அம்மாவோடு தொலைபேசியிலும் பேச முடியாது என்றால் எப்படி இருக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

உண்மையைச் சொன்னால், முதல் கிழமையிலேயே எனக்கு வீட்டுக்குப் போக வேண்டும் போல் இருந்தது. ஆனால் போவதில் இரண்டு வகை இருந்தது. சுகமில்லை என்றால் மிஷன் தலைவர் கை குலுக்கி, மரியாதையோடு அனுப்பிவைப்பார். வீட்டு ஞாபகம் தாங்கவில்லை என்றாலும் அனுப்புவார், மரியாதைதான் இருக்காது. அப்பா சொன்னது வேறு பலித்துவிடும். எனக்கோ இரும்பு உடம்பு, ஒரு தும்மல்கூட வரவில்லை. ஆகவே பெட்டியை அவிழ்க்காமல் கட்டிலுக்குக் கீழே வைத்து, ஒவ்வொரு நாளும் ஒரு சட்டையை அதற்குள்ளிருந்து உருவிக்கொண்டிருந்தேன்.

வில்லிஸ் அந்தப் பெட்டியைக் கவனித்திருக்கிறார். ஒருநாள் காலை சட்டை தேய்க்கும் மினுக்குப் பெட்டியை என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னார்: "எல்டர், போவதென்றாலும் மினுக்கின சட்டையோடு போகலாமே."

பின்படிக்கட்டு

பொலிதேயாமா என்கிற பணக்காரப் பகுதியில் மாடி வீடுகளுக்கு இரண்டு படிக்கட்டு. முன்னாலே பளிங்கும் லிஃப்டும், பின்னாலே வேலைக்காரருக்கு இருட்டுப் படி. அந்தக் காலத்தில் அந்த வீடுகளில் சமைத்ததும் துடைத்ததும் பெரும்பாலும் எங்கள் இலங்கைத் தமிழ்ச் சனம்தான். அதனால் வாயில் காவலர் வில்லிஸுக்கு லிஃப்டையும் எனக்குப் பின்படியையும் காட்டினார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. வில்லிஸோ விதியைத்தான் யோசித்தார். கண்ணுக்கு மறைவாகப் போகக் கூடாதே! தலை இடிபடாமல் குனிந்துகொண்டு என் பின்னால் பின்படியில் ஏறினார்.

நாலாம் மாடியில் குசினிக் கதவைத் திறந்த சிஞ்ஞோரா, அதாவது வீட்டுக்கார அம்மா, கோயில் பங்குச் சுவாமியார் அனுப்புவதாகச் சொன்ன வேலையாள் வந்துவிட்டான் என்று நினைத்துவிட்டா. "ஒருவனைத்தானே கேட்டேன்" என்றபடி இருவரையும் உள்ளே இழுத்து, கழுவிக் குவித்திருந்த திரைச்சீலைகளைக் காட்டினா. உதவி செய்வதும் ஊழியம்தான் என்று வில்லிஸ் கழுத்துப்பட்டியைத் தோளுக்குப் பின்னால் எறிந்தார். பன்னிரண்டு அடி உயர ஜன்னல்கள். ஒரு மணித்தியாலம் திரை மாட்டி முடித்தபிறகு நான் மெல்ல, நாங்கள் இயேசுவைப் பற்றிச் சொல்ல வந்தோம் என்றேன். சிஞ்ஞோரா பொறுமையாகக் கேட்டா.

"இயேசு எங்களிடம் ஏற்கெனவே இருக்கிறார். ஆனால் அந்த நெட்டையன் திரும்பி வரலாம், அவனுக்கு ஏணி தேவையில்லை."

மண்டரின் பாடம்

நகரத்தின் ஓரத்தில் சியாகுல்லி என்ற ஊர். எல்லாரிடமும் மண்டரின் தோடம்பழம் முடிந்தபிறகு பழுக்கிற மண்டரின் அங்கேதான். ஒரு தோட்டக்காரர் எங்களைத் துரத்தவில்லை. கதைக்கலாம், கை சும்மா இருக்கக் கூடாது என்று மட்டும் சொன்னார். வில்லிஸ் தோட்டத்துப் பிள்ளை, கண்டதும் கைகளில் உயிர் வந்துவிட்டது. அவர் பறிக்க, நான் கூடை பிடித்தபடி முதலாம் பாடம் முழுவதையும் சொன்னேன். ஆளுக்கு நாலு பழம் தின்றோம். பலெர்மோவுக்கு வந்தபிறகு அன்றுதான் நான் வாய்விட்டுச் சிரித்தேன். பாடம் எப்படி இருந்தது என்று கேட்டோம். தோட்டக்காரர் தாடியைச் சொறிந்தார்.

"நாளைக்கும் வாருங்கள். எனக்கு இன்னும் சரியாக விளங்கவில்லை, அந்தப் பக்கமும் மரங்கள் இருக்கின்றன."

பிலோமினா அக்கா

தமிழ் வீடுகளுக்குப் போவதற்கு எனக்குக் கூச்சம். வில்லிஸுக்கோ ஆசை. கடைசியில் பேருந்தில் சந்தித்த பிலோமினா அக்கா எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். மன்னார் ஆள். அவரும் பொலிதேயாமாவில் ஒரு சிஞ்ஞோரா வீட்டில்தான் வேலை. மீன்குழம்பும் புட்டும் தந்தார். வில்லிஸ் கண்ணில் தண்ணீர் வழிய வழிய இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினார். எல்லாம் நன்றாகத்தான் போனது, தேத்தண்ணி வரும் வரைக்கும்.

"அக்கா, நாங்கள் தேத்தண்ணி குடிக்கிறேல்லை" என்றேன். கோப்பி போடட்டுமோ என்றார். அதுவும் இல்லை என்றேன். அக்காவின் முகம் விழுந்துவிட்டது. தேத்தண்ணி குடிக்காமல் எழும்பினால் அந்த வீட்டோடு கோபம் என்றுதானே எங்கள் ஊரில் அர்த்தம்? பிறகு அவரே கொத்தமல்லியும் இஞ்சியும் போட்டு அவித்து இரண்டு கோப்பையில் கொண்டுவந்தார். தேயிலை இல்லை, கறிக்குப் போடுகிற கொட்டைதான் என்று வில்லிஸுக்கு நான் உறுதி சொன்னேன். அவர் ஒரு மிடறு குடித்தார். பிறகு என்னுடையதையும் குடித்தார். அக்கா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தேத்தண்ணி குடியாத தமிழனை நான் இண்டைக்குத்தான் காணுறன். தம்பி, உன்ரை அம்மா ஆர், எந்தக் கோயில் பங்கு?"

நெஞ்சு வருத்தம்

அம்மா யார் என்று சொன்னேன். அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் வில்லிஸுக்குக் கொத்தமல்லி பிடித்துவிட்டது. கிழமைக்கு இரண்டு தரம் பிலோமினா அக்கா வீட்டில் நின்றோம். அக்கா தமிழ்க் கடையில் பை பையாகக் கொத்தமல்லி வாங்கத் தொடங்கினார். ஏன் இவ்வளவு என்று கடைக்காரர் கேட்க, "அந்த ரெண்டு மிஷன் பெடியளுக்கு" என்றிருக்கிறார். எங்கள் சனத்துக்குக் கொத்தமல்லி என்றால் ஒன்றுதான் அர்த்தம், தடிமன் காய்ச்சல். அதையே கிழமைக் கணக்காகக் குடித்தால்? நெஞ்சில் ஏதோ பெரிய வருத்தம், சின்ன நோய் இல்லை என்று கதை பரவிவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. மணி அடிக்க முன்னமே கதவுகள் திறந்தன. கதிரை வந்தது, போர்வை வந்தது, ரசம் வந்தது, சுடச்சுடக் கொத்தமல்லி வந்தது. ஒரு வீட்டில் வில்லிஸின் சட்டைப் பொத்தானைக் கழற்றி நெஞ்சில் தைலம் தேய்த்துவிட்டார்கள். எங்களுக்கு ஒன்றும் இல்லை என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னோம். வருத்தக்காரர் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று இன்னொரு கோப்பை ஊற்றினார்கள். யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர், நெற்றியில் திருநீறோடு, எங்களைப் படி வரைக்கும் கொண்டுவந்து விட்டார்.

"தம்பியவை, இந்த வருத்தத்தோடை ஏன் மழைக்குள்ளை திரியிறியள்? நீங்கள் படுத்திருந்தாலும் கடவுள் கோவிக்கமாட்டார்."

அம்மாவின் குரல்

பலெர்மோவில் ஒரு தமிழ்க் கடையில் சொன்னது லண்டனுக்குப் போக எவ்வளவு நேரம் எடுக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பிலோமினா அக்காவின் மச்சாள் லண்டனில் எங்கள் அம்மாவின் கோயில் பங்கில்தான் இருந்தார். ஒரு பின்னேரம் நாங்கள் அக்கா வீட்டில் இருக்கும்போது தொலைபேசி அடித்தது. அக்கா எடுத்து, ஒரு சொல் கேட்டுவிட்டு என் கையில் திணித்தார். "உன்ரை அம்மா."

நான் வில்லிஸைப் பார்த்தேன். அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "வீட்டுக்கு எடுக்கக் கூடாது என்றுதான் விதி. அவர்கள் எடுத்தால் என்ன செய்வது என்று நான் எங்கேயும் படிக்கவில்லை" என்று சொல்லிவிட்டு, கதிரையைச் சுவர்ப் பக்கம் திருப்பி உட்கார்ந்துகொண்டார்.

"உனக்குப் பிளேன் ரிக்கற் எடுத்தாச்சு" என்றார் அம்மா. வணக்கம் இல்லை, எப்படி இருக்கிறாய் இல்லை. "அப்பா உங்கடை பெரியவரோடை கதைக்கிறாராம். நெஞ்சுக்குள்ளை என்ன செய்யுது? அதை மட்டும் சொல்லு."

ஒரு சொல் போதும். நோகிறது என்றால் போதும். மரியாதையோடு அனுப்பிவைப்பார்கள், அப்பாவும் ஒன்றும் சொல்ல முடியாது, கழற்றாத கட்டிலில் போய்ப் படுக்கலாம். அதுவும் பொய் இல்லை. அந்தக் குரலைக் கேட்டதும் நெஞ்சு நொந்துகொண்டுதான் இருந்தது. எதிரே ஐடஹோக்காரனின் பெரிய முதுகு, அசையாமல், சுவரைப் பார்த்தபடி. என்னோடு பின்படியில் குனிந்து ஏறிய முதுகு. எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. அதைவிட, போக வேண்டும் என்ற நினைப்பை அந்த நேரத்தில் தேடிப் பார்த்தேன், அது இருந்த இடத்தில் இல்லை.

"ஒண்டும் செய்யேல்லை அம்மா. நாங்கள் தேத்தண்ணி குடிக்கிறேல்லை. அதாலை அக்கா கொத்தமல்லி தந்தவ. சனம் பிழையா விளங்கிப்போட்டுது."

அம்மா சிரித்தார். ஒரு வருடத்துக்கு மேலாக நான் கேட்காத சிரிப்பு. சிரித்து முடிய மூக்கை உறிஞ்சுவது கேட்டது. எனக்கும் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கவில்லை.

"அப்ப வரமாட்டாய்?"

"முடிச்சிட்டு வாறன் அம்மா."

"இஞ்சேருங்கோ, அவன் வரமாட்டானாம்! கட்டிலைக் கழட்டுங்கோ!" என்று அப்பாவுக்குக் கத்தினார். அதில் கோபத்தைவிடப் பெருமைதான் கூட என்று எனக்குப் பட்டது. பிறகு குரலைத் தணித்தார்.

"ஒவ்வொரு செவ்வாயும் நீ திரும்பி வரவேணுமெண்டு அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்திறனான். இனி, அவசரமில்லை, ஆறுதலாச் செய்யட்டுமெண்டு சொல்லிவிடுறன்."

மூன்று மாதப் பயிற்சியில் ஒரு ஆளைக்கூட என்னால் சபைக்குக் கொண்டுவர முடியவில்லை, ஆனால் ஒரு புனிதரின் வேலையைக் கிட்டத்தட்ட இரண்டு வருடம் ஒத்திப்போட வைத்த மிஷனரி என்று என்னை நான் தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம்.