லேபிள் இல்லாத ஏழு வாரம்

எங்கள் அருங்காட்சியகத்தில் லேபிள் படிக்கிற ஒரே ஆள், அங்கே துப்புரவு வேலை பார்க்கும் மெதுவக்காதான். லேபிள் எழுதுகிறவன் நான். முப்பது வருஷமாக எழுதுகிறேன். வருகிறவர்கள் கண்ணாடிக்குள் பார்ப்பார்கள், அதே கண்ணாடியில் தங்கள் தலைமுடியைச் சரி செய்துகொள்வார்கள், "மம்மி எங்கே?" என்பார்கள், போய்விடுவார்கள். மம்மி எங்களிடம் கிடையாது. மம்மி வைத்த பெட்டியின் மூடி மட்டும்தான் இருக்கிறது. அதைக் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். யார் படிக்கிறார்கள்!

மெதுவக்கா படிப்பார். புது லேபிள் வந்தால் தூரிகையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, உதடு அசைய, முதலிலிருந்து கடைசிவரை படிப்பார். ஏணியை யாராவது நகர்த்தினால் "மெதுவா", பெட்டியைத் திறந்தால் "மெதுவா", மேலதிகாரி தும்மினால்கூட "மெதுவா சார்" என்று சொல்லிச் சொல்லியே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. என்னைவிட மூன்று வயது இளையவர். இருந்தாலும் நானும் அக்கா என்பேன், அவர் என்னை அண்ணா என்பார். இரண்டு பேரும் மாறி மாறி மரியாதை கொடுத்தே காலத்தை ஓட்டிவிட்டோம்.

திங்கட்கிழமை பார்வையாளர்களுக்கு விடுமுறை. அன்றுதான் கண்ணாடிப் பெட்டிகளைத் திறந்து உள்ளே இருப்பவற்றைத் துடைப்பார்கள். அக்கா எப்போதும் எகிப்து அறையில்தான் தொடங்குவார். அதிலும் முதலில் ஒரு சாண் உயர வெண்கலச் சிலை. ஒரு தாய் உட்கார்ந்திருப்பாள், மடியில் குழந்தை, ஒரு கை மார்பருகே. பால் கொடுக்கப் போகிற கோலம். தலைக்கு மேல் ஒரு வட்டம். அதன் இரு பக்கமும் மாட்டுக்கொம்பு இருந்ததாம், அவை எப்போதோ ஒடிந்துவிட்டன. வெண்கலம் கறுத்துப் போயிருக்கும். மென்மயிர்த் தூரிகையால் அந்த வட்டத்தில் தொடங்கி, தாயின் நெற்றி, தோள், குழந்தையின் முதுகு, பாதம் என்று வருவார். மற்ற சிலைக்கெல்லாம் ஐந்து நிமிஷம் என்றால் இதற்கு அரை மணி.

"உங்க சிநேகிதி எப்படி இருக்காங்க?" என்று கிண்டல் செய்வேன். பாதிச் சிரிப்பு சிரிப்பார். மீதிச் சிரிப்பு எங்கே போயிற்று என்று கேட்க எனக்குப் புத்தி வரவில்லை.

அவர் வீட்டுக்காரர் பேருந்து நடத்துநர். வாய் ஓயாத மனிதர். தேவாலயத்தில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடியும் நேரம் எல்லாரும் வரிசையில் போய்ச் சாமியாரிடம் நற்கருணை அப்பம் வாங்குவார்களாம். அக்கா மட்டும் கடைசி பெஞ்சை விட்டு எழுந்திருக்க மாட்டாராம். கேட்டால் வயிறு சரியில்லை என்பாராம். "அண்ணா, இவ வயிறு வாரத்துல ஆறு நாள் கல்லைப் போட்டாலும் அரைக்கும். ஞாயித்துக்கிழமை மட்டும் லீவு போட்டுடும்" என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பார். சிரித்தாலும் சனிக்கிழமை சாயங்காலம் தவறாமல் தானே கஷாயம் காய்ச்சிக் கொடுப்பார். அக்காவும் மறுபேச்சில்லாமல் குடித்துவிடுவார்.

இந்த வருஷம் வேறு ஊர் அருங்காட்சியகம் ஒன்று அந்தச் சிலையை ஆறு மாதத்துக்கு இரவல் கேட்டது. தாயும் சேயும் என்று ஒரு கண்காட்சி. எங்கள் வெண்கலத் தாயின் பக்கத்தில், குழந்தை இயேசுவுக்குப் பால் கொடுக்கும் மரியாளின் பழைய ஓவியம் ஒன்றை வைக்கப் போகிறார்கள். இரண்டுக்கும் சேர்த்து ஒரே லேபிள் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. எங்கள் காப்பாட்சியர் அம்மா இரண்டு மணி நேரம் விளக்கினார். அதை எட்டு வரியாகச் சுருக்கி, வழக்கம்போல என் ஒரே வாசகியிடம் படித்துக் காட்டப் போனேன். அன்று திங்கட்கிழமை, காலை பத்து மணி இருக்கும்.

"இடப்பக்கம் எகிப்தின் ஐசிஸ் தேவி, மகன் ஹோரஸுடன். வலப்பக்கம் மரியாள், மகன் இயேசுவுடன். எகிப்தில் கிறிஸ்தவம் பரவிய காலத்தில், பழைய உருவத்தைப் பார்த்துப் பழகிய கண்களே புதிய உருவத்தையும் வரைந்திருக்கலாம் என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பிள்ளைக்குப் பால் கொடுக்கும் எந்தத் தாயும் இப்படித்தானே உட்காருவாள், இதற்குத் தொடர்பு எதற்கு என்று மற்றவர்கள் கேட்கிறார்கள். இரு பக்கமும் முடிவான சான்று இல்லை."

படித்துவிட்டு நிமிர்ந்தேன். அக்கா கையிலிருந்து தூரிகை தரையில் விழுந்தது. அவர் கையிலிருந்து ஒரு பொருள் விழுந்து நான் பார்த்ததே இல்லை.

"ஆறு மாசமா? அங்க யாரு தொடைப்பாங்க?" என்றார்.

"அங்கயும் ஆள் இருப்பாங்கக்கா. ஏன், உங்க சிநேகிதி உங்களைத் தேடுவாங்களா?"

அவர் அப்படியே முக்காலியில் உட்கார்ந்து முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு அழுதார். கதவைச் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். இருபத்திரண்டு வருஷமாக யாரிடமும் சொல்லாததை அன்று என்னிடம் சொன்னார்.

மகளுக்கு அப்போது நாலு வயது. மூளைக்காய்ச்சல். ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சை அறைக்குள் பெற்றவர்களை ஒரு நாளைக்கு ஒரு தரம்தான் விடுவார்கள். வெளியே வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். அக்காவால் உட்கார முடியவில்லை, பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது, வேலைக்கு வந்துவிட்டார். அதுவரை முன் கூடத்தில் பாடம் பண்ணிய பறவைகளைத் துடைத்துக்கொண்டிருந்தவர். அன்று எகிப்து அறை ஆள் வரவில்லை என்று அங்கே அனுப்பினார்கள்.

"உள்ள போனேன். மேசை மேல பிள்ளைய மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. தலைக்கு மேல ஒளிவட்டம் மாதிரி இருந்துச்சு. கறுப்பா இருக்கற மாதா சிலை எத்தனையோ இருக்கே, இதுவும் பழைய மாதா போலன்னு நினைச்சேன். மத்தியானம், யாரும் இல்ல. கால்ல விழுந்து அழுதேன் அண்ணா. என் பிள்ளைய எனக்குக் குடுத்துடு, நான் இருக்கறவரைக்கும் உன் மேல ஒரு தூசி விழ விட மாட்டேன்னு வேண்டிக்கிட்டேன். மறுநாள் காலையில காய்ச்சல் எறங்கிடுச்சு."

மகள் பிழைத்தாள். அக்கா கேட்டு வாங்கி எகிப்து அறைக்கே மாறிக்கொண்டார். கொஞ்ச நாள் கழித்து ஒரு காலை வந்து பார்த்தால், சிலைக்குக் கீழே புத்தம்புது லேபிள். ஐசிஸ் தேவி. கிறிஸ்துவுக்கு அறுநூறு ஆண்டு முந்தையது.

"அன்னைக்கு உங்ககிட்ட வந்து கேட்டேன், இது சரியான லேபிள்தானான்னு."

எனக்கு ஞாபகம் வந்தது. வராமலே இருந்திருக்கலாம். "என் லேபிள்லயே தப்பு கண்டுபிடிக்கற அளவுக்குப் பெரிய ஆளாயிட்டீங்களா?" என்று எரிந்து விழுந்தேன். அதோடு அவர் வாயை மூடிக்கொண்டார்.

"வேற தெய்வத்து கால்ல விழுந்துட்டு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நற்கருணை வாங்குவேன்? சாமியார்கிட்ட போய் செஞ்ச பாவத்தச் சொல்லி பாவசங்கீர்த்தனம் பண்ணினா, தொடைக்கறத நிறுத்துன்னு சொல்லிடுவாரு. நிறுத்தினா, இந்த அம்மா குடுத்த உயிரைத் திருப்பிக் கேட்டுட்டா? மக ஒரு தும்மல் போட்டாகூட, கேட்டுட்டாங்களோன்னுதான் தோணும். இப்ப ஆறு மாசம் இவங்களயே தூக்கிட்டுப் போறேங்கறீங்க. என் வாக்கு என்ன ஆறது?"

ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். அப்படியே இருபத்திரண்டு வருஷம் நின்றிருக்கிறார். அந்த மகள் இப்போது ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்கூட வேலையில் இருக்கிறாள். என்னைப் பார்க்கும்போதெல்லாம் "அங்கிள், மம்மி வந்துடுச்சா?" என்று வம்புக்கு இழுப்பாள்.

சிலைக்கு அன்று லேபிள் இல்லாததற்குக் காரணம் நான். அந்த வருஷம் எகிப்து அறைக்கு வெள்ளையடிக்க எல்லாவற்றையும் எடுத்து மேசையில் வைத்தார்கள். லேபிள்களைப் புதிதாக எழுதி மாட்டச் சொல்லி என்னிடம் கொடுத்தார்கள். ஒரு நாள் வேலை. ஆனால் எழுத்தின் அளவைப் பற்றி அன்றைய மேலதிகாரியோடு எனக்குச் சண்டை. நீயாச்சு நானாச்சு என்று எல்லா லேபிளையும் மேசை டிராயருக்குள் தூங்கப் போட்டுவிட்டேன். ஏழு வாரம் சிலைகள் பெயர் இல்லாமல் இருந்தன. ஆத்திரத்தில் அறுத்த மூக்கு ஒட்டாது என்பார்கள். என் ஆத்திரத்தில் அறுபட்டது இன்னொருவர் மூக்கு.

சொல்லிவிட்டேன். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, டிராயர் கதை முழுவதும் சொன்னேன். "நான் ஒழுங்கா வேலை செஞ்சிருந்தா உங்களுக்கு இந்த வேதனையே இல்லக்கா. திட்டணும்னா திட்டிடுங்க."

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு மூக்கை உறிஞ்சினார்.

"நீங்க ஒழுங்கா வேலை செஞ்சிருந்தா, அன்னைக்கு நான் எங்க போய் அழுதிருப்பேன்?"

எழுந்தேன். "வாங்கக்கா, போகலாம்" என்றேன். எனக்குக் கோயிலும் ஒன்றுதான், கோர்ட்டும் ஒன்றுதான், காரியம் இல்லாமல் இரண்டுக்கும் போனதில்லை. அன்று காரியம் இருந்தது. தேவாலயம் இரண்டு தெரு தள்ளித்தான். சாமியார் கையில் திருப்புளியோடு ஒலிபெருக்கியைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். இளவயதுக்காரர். அக்கா முகத்தைப் பார்த்ததும் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே கூட்டிப் போனார். நான் வாசல் படியில் உட்கார்ந்தேன். நிறுத்து என்று மட்டும் சொல்லிவிடக் கூடாதே என்று, யாரிடம் என்றே தெரியாமல், வேண்டிக்கொண்டேன். அப்போதுதான் உறைத்தது. முகவரி எழுதாமல் நானும் ஒரு வேண்டுதல் அனுப்புகிறேன்.

கால் மணி நேரத்தில் அக்கா வெளியே வந்தார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. படியில் உட்கார்ந்து அவரே சொன்னார்.

"அன்னைக்குக் கண்ண மூடிக்கிட்டு என்னன்னும்மா கூப்பிட்டன்னு கேட்டாரு. மாதாவேன்னு கூப்பிட்டேன் சாமின்னேன். அந்த எகிப்து அம்மா பேரைச் சொன்னியான்னாரு. அவங்க பேரே எனக்குத் தெரியாதே சாமின்னேன். அப்ப அவங்க எப்படிம்மா திருப்பிக் கேப்பாங்க, அவங்ககிட்ட நீ ஒண்ணுமே வாங்கலயேன்னாரு."

"தொடைக்கறது?"

"அதையும் கேட்டேன். அது உன் வேலைதானம்மா, வேலைய ஒழுங்கா செஞ்சதுக்கு மன்னிப்பு கேட்டு இதுவரைக்கும் யாரும் என்கிட்ட வந்ததில்லன்னு சிரிக்கறாரு."

நான் அந்த எட்டு வரி லேபிளைப் பற்றியும் கேட்டேன். இரண்டு தாய்மாருக்கும் தொடர்பு இருக்கலாம் என்று எழுதுவதில் அவருக்குக் கோபம் இல்லையா?

"எழுதட்டும்மான்னாரு. மாதா கைப்பிள்ளையோட உயிருக்கு பயந்து ஓடினது எந்த ஊருக்கு, எகிப்துக்குத்தான? அங்க எடம் குடுத்தவங்க வீட்டு மாடத்துல இந்தச் சிலை இருந்திருந்தா, மாதா மூஞ்சியத் திருப்பிக்கிட்டு வெளிய வந்திருப்பாங்களான்னாரு. அபராதமா ஒரே ஒரு செபம் சொல்லச் சொன்னாரு அண்ணா. இருபத்திரண்டு வருஷத்துக்கு ஒண்ணா சாமின்னேன். கடைசி பெஞ்சுல உக்காந்ததே போதும்மான்னுட்டாரு."

சொல்லிவிட்டு ஒரு பெருமூச்சு விட்டார். அவ்வளவு காற்றை அந்தச் சின்ன உடம்பு எங்கே வைத்திருந்ததோ! எனக்கும் தலையிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. எதிர்க் கடையில் இரண்டு டீ வாங்கினேன். எனக்கு வாங்கியதையும் சேர்த்து அவரே மடமடவென்று குடித்துவிட்டார். அவர் அப்படி அவசரமாக எதையும் செய்து நான் பார்த்ததில்லை.

சனிக்கிழமை வண்டி வந்தது. சிலையைப் பஞ்சு வைத்துச் சுற்றியது அக்காதான். கடைசியாக ஒரு தரம் நெற்றியிலிருந்து பாதம்வரை துடைத்தார். பெட்டியைத் தூக்கியவர்களிடம் "மெதுவா" என்றார். வண்டி தெருமுனை திரும்பும்வரை பார்த்தார். "நல்லா பாத்துக்குவாங்க" என்று தனக்கே சொல்லிக்கொண்டு உள்ளே போனார். அன்றைக்கு மகள் ஜலதோஷத்தில் பத்துத் தும்மல் போட்டாளாம். "மாத்திரை போடுடி" என்றதோடு சரி.

மறுநாள் ஞாயிறு. நான் தேவாலயத்துக்குப் போனேன். அக்காவின் கடைசி பெஞ்சில், அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். நற்கருணைக்கு வரிசை கிளம்பியது. அக்கா என்னைப் பார்த்தார். எழுந்தார். மெதுவாகத்தான் போனார்.

அக்காவின் வீட்டுக்காரர் வரிசையின் முன்பக்கம் இருந்தார். வாங்கிக்கொண்டு திரும்பி வரும்போது எதிரே மனைவியைப் பார்த்து நடு வழியிலேயே நின்றுவிட்டார். பின்னால் வந்தவர் அவர் முதுகில் முட்டிக்கொண்டார். பேச வேண்டாத இடத்திலும் பேசாமல் இருக்கத் தெரியாத மனிதர்.

"வயிறு?" என்றார்.

"சரியாயிடுச்சு" என்றார் அக்கா.

அவர் வந்து என் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தார். அக்கா கைகளை நீட்டி வாங்குவதைக் கண் கொட்டாமல் பார்த்தார். கண்ணில் நீர் வழிந்தது, துடைக்கவில்லை. பிறகு என் காதருகே குனிந்தார்.

"இருபத்திரண்டு வருஷக் கஷாயம் அண்ணா. இப்பதான் கேட்டிருக்கு."