பேனரில் மூடிய கண்

அப்பாவின் முதலாண்டு நினைவு பேனருக்குப் படம் தயார் செய்த அன்று, வீட்டில் நானும் என் நண்பனும் இருந்தோம். அம்மா வேலைக்குப் போயிருந்தாள்.

அப்பா தனியாக நின்ற படம் ஒரே ஒரு நெகட்டிவ்வில்தான் இருந்தது. ஸ்டூடியோச் செலவை மிச்சம் பிடிக்க நினைத்தேன். செல்போனின் வெள்ளைத் திரைமேல் பிலிமை வைத்து, நண்பனின் கேமராவில் எடுத்து, கம்ப்யூட்டரில் நிறம் மாற்றினேன். முகம் பளிச்சென்று வந்தது.

"மாப்ள, ஸ்டூடியோக்காரன் தோத்தான் போ!" என்றான் நண்பன்.

எங்கள் ஊர் விளாங்குடியில் பேனரைக் கட்டியதும், கூட்டத்தின் நடுவே தாய்மாமா சிரித்தார். "ஏன் மாப்ள, இம்புட்டுப் படிச்சிருக்க, அப்பனுக்கு எந்தக் கண்ணு நொள்ளைன்னு தெரியாதா?"

பிலிமைப் புரட்டி வைத்துவிட்டதால் படத்தில் இடம் வலம் மாறியிருந்தது. சிறுவயதிலேயே பார்வை போய் மூடிக்கிடந்தது அப்பாவின் இடக்கண். பேனரிலோ வலக்கண் மூடியிருந்தது.

அம்மா திட்டவில்லை. "அவருக்கு இருந்ததே அந்த ஒரு கண்ணுதான்டா. அதையும் மூடிட்டியே" என்றாள்.

பிலிம் புரண்டது கைத்தவறு. ஆனால் அரைநாள் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தும் எனக்கு உறைக்கவில்லையே! அப்பா பேசும்போதெல்லாம் நான் புத்தகத்தையோ போனையோதான் பார்த்திருக்கிறேன்.

படத்தைத் திருப்பிப் போட்டு வேறு பேனர் அடித்தோம். அம்மாவின் கூலிப் பணத்தில் எண்ணூறு ரூபாய்.